எண் கோட்பாடா, கிராஃப் லேபிளிங்கா?

கேள்வி: வணக்கம் மேடம். தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிஎச்.டி. செய்ய ஆசை. பள்ளி நாளிலிருந்தே எண் கோட்பாடுதான் பிடிக்கும். ராமானுஜன் வேலை செய்த பாடம் என்பதும் ஒரு காரணம். எங்கள் துறையில் கைடுஷிப் (பிஎச்.டி.க்கு வழிகாட்டும் தகுதி) உள்ள சார், கிராஃப் லேபிளிங்கில், அதாவது புள்ளியும் கோடுமான வரைபடங்களுக்கு விதிப்படி எண் கொடுக்கும் பிரிவில், தன்னிடம் சேரச் சொல்கிறார். "வருஷத்துக்கு ரெண்டு பேப்பர் போட்டுடலாம், மூணு வருஷத்துல முடிச்சுடலாம். நம்பர் தியரிக்கு இங்கே ஆளே இல்லை, அது ஜீனியஸுங்க சமாச்சாரம்" என்கிறார். சீனியர் அக்கா ஒருவர் இரண்டும் வேண்டாம், மெஷின் லேர்னிங் பக்கம் போ, அங்கேதான் வேலை கிடைக்கும் என்கிறார். அப்பாவோ பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதச் சொல்கிறார். எந்தத் துறையை எடுத்தால் பிற்பாடு வருத்தப்பட மாட்டேன்? இந்த மாதத்துக்குள் சாரிடம் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த மாதத்துக்குள் நீங்கள் யாருக்கும் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. எம்.எஸ்சி. முடியவே இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உங்கள் சார் அவசரப்படுவதற்கு அவர் பக்கத்தில் காரணம் இருக்கலாம். அவரிடம் ஓர் இடம் காலியாகியிருக்கும், ஆள் எடுக்க வேண்டியிருக்கும். அது அவருடைய அவசரம். அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, "எந்தத் துறை" என்ற கேள்வியே கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கணிதக் கட்டுரைகளை வகை பிரிக்க உலகம் முழுக்க ஒரு பொதுப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் 2020 பதிப்பில் பெரிய தலைப்புகள் மட்டும் 63. உட்பிரிவுகளைக் கடைசிவரை எண்ணினால் ஆறாயிரத்தைத் தாண்டும். எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் நீங்கள் பார்த்தது இவற்றில் ஒரு பத்துப் பன்னிரண்டு தலைப்புகளின் வாசல்படியை மட்டும். இதை வைத்துக்கொண்டு துறையைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. இப்போது தீர்மானிக்க முடிகிற விஷயங்கள் வேறு. தினமும் மேசையில் உட்கார்ந்து எந்த மாதிரி வேலை செய்யப் போகிறீர்கள், யார் பக்கத்தில் இருந்து செய்யப் போகிறீர்கள் என்பவை அவை. துறையின் பெயர் இந்த இரண்டையும் சொல்லவே சொல்லாது. உங்களுக்குப் பிடித்த எண் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

79 என்ற எண்ணை நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். நான்காம் அடுக்குகள் 1, 16, 81 என்று போகின்றன. 81 பெரிதாகிவிட்டது, கையில் இருப்பது 16-ம் 1-ம்தான். நான்கு பதினாறு 64. மீதி 15-க்குப் பதினைந்து ஒன்றுகள். ஆக 19 எண்கள் வேண்டும், அதற்குக் குறைந்து முடியாது. இதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் 19 போதும் என்று நிரூபிப்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. எட்வர்ட் வாரிங் 1770-இல் எழுதி வைத்த கூற்று இது. 1986-இல்தான் நிரூபணம் வந்தது. நிரூபித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், மூன்றாமவர் ஆர். பாலசுப்ரமணியன், பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இதே கேள்வியில் ஆறாம் அடுக்குகளுக்கு 73 போதும் என்று 1940-இல் காட்டியவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்தார். 1950-இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது வயது 49. நம் கணிதத் துறைச் சுவர்களில் ராமானுஜன் படத்துக்குப் பக்கத்தில் இவர் படத்தையும் மாட்டலாம், யாரும் மாட்டுவதில்லை. அது போகட்டும். "இங்கே ஆளே இல்லை" என்று சார் சொன்னது உங்கள் கல்லூரிக்குப் பொருந்தும், தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

நான் சொல்ல வந்தது அந்த நிரூபணத்துக்குள் என்ன வேலை நடக்கிறது என்பதை. ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் எண் பிரிவினைகளுக்காக (ஒரு எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்ற கணக்கு) கையாண்ட வழி, பிறகு ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்தெடுத்தது, வட்ட முறை என்று பெயர். ஒரு வட்டத்தின் மேல் தொகையீடு எழுதுவார்கள். வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, முக்கியமான துண்டுகளில் மதிப்பை நெருக்கிப் பிடிப்பார்கள். மற்ற துண்டுகளில் "இதற்கு மேல் போகாது" என்று வரம்பு கட்டுவார்கள். ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேலுள்ள எண்களை இப்படிப் பிடித்துவிட்டு, அதற்குக் கீழே உள்ளவற்றைக் கணினி உதவியோடு சரிபார்ப்பார்கள். நாள் முழுக்க அசமன்பாடுதான். இந்தத் தொகை அந்தத் தொகையைவிடச் சிறியது, பிழை இவ்வளவுக்குள் அடங்கும், அந்த மாறிலியை இன்னும் கொஞ்சம் இறக்க முடியுமா, இப்படியே போகும். பெயர் எண் கோட்பாடு, ஆனால் நீங்கள் எம்.எஸ்சி.யில் ரியல் அனாலிசிஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் வகுப்பில் செய்த வேலையின் தொடர்ச்சி அது.

இன்னொரு எண் கோட்பாடு இருக்கிறது. முழு எண்களோடு √−5 என்பதையும் சேர்த்துக்கொண்டு ஒரு எண் உலகம் கட்டுங்கள். அங்கே 6 என்பது 2 × 3. அதே 6-ஐ (1 + √−5) × (1 − √−5) என்றும் எழுதலாம். இரண்டிலும் உள்ள காரணிகளை மேற்கொண்டு உடைக்க முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு காரணிப்படுத்தல்! பள்ளியில் கேள்வியே கேட்காமல் நம்பிய விஷயம் இங்கே கவிழ்ந்துவிடுகிறது. இதைச் சரிக்கட்டப் போய்த்தான் 19-ஆம் நூற்றாண்டில் கும்மரும் டெடிகிண்டும் ஐடியல் (தனி எண்ணுக்குப் பதிலாகக் காரணிப்படுத்த உதவும் எண் தொகுதி) என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தப் பக்கம் போனால் ரிங், ஃபீல்டு, கால்வா குரூப் என்று அமைப்புகளோடுதான் குடித்தனம். ஒரு மாதம் முழுக்க ஒரு அசமன்பாடுகூட எழுதாமல் ஓட்டலாம். முதல் எண் கோட்பாட்டில் சந்தோஷமாக இருக்கும் ஒருவருக்கு இரண்டாவது மூச்சுமுட்டும், மறுதலையும் உண்டு.

இந்த இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். தவறு ஒன்றுமில்லை. இதுவரை நீங்கள் தேற்றங்களின் வாசகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். வாசகம் எல்லாத் துறையிலும் அழகாகத்தான் இருக்கும், ஜவுளிக்கடை பொம்மைக்குக் கட்டிவிட்ட சேலை மாதிரி. ஆராய்ச்சியில் உங்கள் பொழுது போகப்போவது லெம்மாக்களில், அதாவது தேற்றத்துக்குப் படிக்கட்டாக வரும் சின்ன முடிவுகளில். தேற்றத்துக்கு முன்னால் ஏழெட்டு லெம்மா இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க நிரூபணம், நடுவில் "எளிதில் காணலாம்" என்று ஒரு வரி. அந்த வரியைக் காண உங்களுக்கு மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் வெறுப்பில்லாமல் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை. தேற்றத்தைப் பார்த்து மயிர்க்கூச்செறிந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மாதத்துக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம், அனாலிசிஸ் வழி எண் கோட்பாடு. ஒரு எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதற்கு செபிஷேவ் கட்டிய மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டையும் நிரூபணத்தோடு முடியுங்கள். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், ஈருறுப்புக் கெழுக்களே போதும். அப்புறம் கூட்டுத் தொடர்களில் வரும் பகா எண்களைப் பற்றிய டிரிஷ்லே தேற்றத்துக்குப் போங்கள். அடுத்த மாதம் இயற்கணித வழி: மேலே சொன்ன √−5 உலகத்தில் ஐடியல்கள் எப்படித் தனித்த காரணிப்படுத்தலை மீட்டுத் தருகின்றன என்பதைக் கையால் போட்டுப் பாருங்கள், பிறகு பொது நிரூபணம். மூன்றாவது மாதம் கிராஃப் தியரிக்கு. வீடியோ பார்ப்பது கணக்கில் வராது. என்.பி.டெல். இணைய வகுப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன, நானே பரிந்துரைப்பேன், ஆனால் இந்தச் சோதனைக்கு அவை உதவாது. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு நிரூபணத்தைத் திரும்ப எழுத வேண்டும். எந்த மாதத்தில் மணி பார்க்காமல் உட்கார்ந்தீர்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இன்னொரு பலனும் உண்டு. பிஎச்.டி. நேர்காணல் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "உங்களுக்குப் பிடித்த பாடம்?" என்று கேட்போம். "நம்பர் தியரி" என்பார்கள். "சரி, நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று காட்டுங்கள்" என்போம். யூக்ளிட் நிரூபணத்தைக் கொஞ்சம் திருப்பினால் வந்துவிடும்: இருக்கிற எல்லாவற்றையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டும். பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். செய்துவிட்டவரிடம் "1 மீதி வருவதற்கும் இதே வழி ஓடுமா?" என்று கேட்போம். ஓடாது, அதற்கு ஒரு வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கரும்பலகை முன்னால் நின்று யோசிக்கிறவரை நாங்கள் விடமாட்டோம், விடை வராவிட்டாலும் சரி. ஜீனியஸ் யாரையும் நாங்கள் தேடுவதில்லை.

ராமானுஜனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசை பிறக்க அவர் போதும். நான்கைந்து வருடம் ஓட்ட அவர் போதாது. அவர் பெயரைச் சொல்லி எண் கோட்பாட்டுக்கு வருகிறவர்களும், அதே பெயரைக் கேட்டுப் பயந்து ஒதுங்குகிறவர்களும் சமமாக ஏமாறுகிறார்கள். இன்று அந்தத் துறையில் வேலை செய்கிற பெரும்பாலோர் சாதாரண ஆட்கள்தான். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், அவ்வளவே.

இப்போது கிராஃப் லேபிளிங். உங்கள் கடிதத்தைப் படித்தால் அதை ஏதோ இரண்டாந்தரமாக நினைப்பது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. நான்கு புள்ளிகளை வரிசையாக மூன்று கோடுகளால் இணையுங்கள். புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 2, 1. கோடு மூன்று; வித்தியாசங்களில் 1, 2, 3 ஒவ்வொன்றும் சரியாக ஒரு தடவை வந்துவிட்டது. கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்பது இதுதான். இந்தக் கருத்து அலெக்சாண்டர் ரோசா 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. சுற்று இல்லாத கிராஃப், அதாவது ட்ரீ, எதை எடுத்தாலும் இப்படி எண் கொடுத்துவிட முடியுமா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரோசா இதைப் பொழுதுபோக்குக்காக ஆரம்பிக்கவில்லை. எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்த முழுக் கிராஃபை ஒரே ட்ரீயின் பிரதிகளாக வெட்டிவிடலாம் என்று 1963-இல் ரிங்கல் சொன்ன ஊகத்தைப் பிடிக்க ஒரு வழியாகத்தான் அது வந்தது. ரிங்கல் ஊகத்தை 2020-இல் மான்ட்கோமரி, பொக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் போதிய அளவு பெரிய கிராஃப்களுக்கு நிரூபித்தார்கள். நிகழ்தகவு உத்திகளை வைத்து எழுதிய, சாதாரணப் பட்டதாரிக்கு எளிதில் பிடிபடாத வேலை.

அதே பெயரில் இன்னொரு தொழிலும் நடக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட லேபிளிங் வகைகள் வந்துவிட்டன, கட்டுரைகள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும் பகுதியின் அச்சு ஒன்றே: ஒரு கிராஃப் குடும்பத்தை எடு, ஒரு லேபிளிங்கை எடு, இதற்கு அது பொருந்துகிறது என்று காட்டு. அடுத்த கட்டுரையில் கிராஃபின் ஓரத்தில் ஒரு வால் ஒட்டு. "வருஷத்துக்கு ரெண்டு பேப்பர்" என்று உங்கள் சார் சொல்வது இதுவாக இருந்தால், மூன்று வருடத்தில் பட்டம் நிச்சயம் வரும். ஆனால் புது வழி ஒன்றையும் கற்றிருக்க மாட்டீர்கள், அதற்கப்புறம் எங்கே விண்ணப்பித்தாலும் அந்தப் பேப்பர்கள் உங்களுக்காகப் பேசாது. காசு வாங்கிக்கொண்டு போடும் பத்திரிகைகளில் வந்ததென்றால் எதிராகவே பேசும். இது லேபிளிங்குக்கு மட்டுமான வியாதி இல்லை. ஃபஸியிலும் இருக்கிறது, பொதுப்படையான டோபாலஜியிலும் இருக்கிறது, ஃப்ளூயிட் டைனமிக்ஸில் ஒரே சமன்பாட்டில் ஒரு புது உறுப்பைச் சேர்த்து ஓட்டுவதிலும் இருக்கிறது.

கிராஃப் தியரியிலேயே வேறொரு கேள்வி எந்த ஊருக்குக் கூட்டிப் போகிறது என்று பாருங்கள். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் நிறம் பூச வேண்டும், கோட்டால் இணைந்தவை ஒரே நிறமாக இருக்கக் கூடாது. கையில் 'ந' நிறங்கள். முதல் முனைக்கு ந வழி, அடுத்ததற்கு ந − 1, மூன்றாவதற்கு ந − 2. பெருக்கினால் ந³ − 3ந² + 2ந. குறிகளை விட்டுவிட்டுக் கெழுக்களைப் பாருங்கள்: 1, 3, 2. ஏறி, பிறகு இறங்குகிறது. எந்தக் கிராஃபை எடுத்தாலும் இப்படித்தான், ஒரு தடவை இறங்க ஆரம்பித்தால் மறுபடி ஏறாது என்று 1968-இல் ரீட் ஊகித்தார். நாற்பது வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. ஜூன் ஹூ என்ற கொரிய மாணவர் பிஎச்.டி. படிக்கும்போதே அதை நிரூபித்தார். கட்டுரை 2012-இல் அச்சானது. கிராஃப் தியரியின் கருவிகளால் இல்லை, இயற்கணித வடிவியலில் சிங்குலாரிட்டி பற்றிப் படித்ததை வைத்து. 2022-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். அவர் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அவரை வேண்டாம் என்றவைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிராகரிப்புக் கடிதம் வரும் நாளில் பயன்படும்.

ஆக, உங்கள் சாரை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சேரவும் வேண்டாம். அவரிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், உங்ககிட்ட சேர்ந்தா முதல் ஆறு மாசம் நான் எந்தப் பேப்பர் படிக்கணும்?" அவர் கொடுக்கும் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அதில் நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு நிரூபண உத்தி இருக்கிறதா? அதன் நிரூபணங்கள் எல்லாம் "மேற்கண்ட எண்களைக் கொடுத்தால் நிபந்தனை பொருந்துவதைக் காணலாம்" என்று முடிகின்றனவா? அடுத்து, அவரிடம் முடித்த ஸ்காலர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முடிந்தால் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கைடு வாரத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து கணக்குப் பேசுவார், வெளியூர் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவாரா, வகுப்பு எடுப்பது, பேப்பர் திருத்துவது, வீட்டு வேலை என்று எதெது தலையில் விழும், எல்லாம் அவர்கள் சொல்வார்கள். பெண் ஸ்காலர்கள் என்றால் இந்தக் கடைசி விஷயத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். யாருடைய கட்டுரைகள் எங்கே வந்திருக்கின்றன என்று பார்க்க இசட்பி மேத் ஓப்பன் என்ற தளம் 2021 முதல் எல்லோருக்கும் இலவசம். கைடின் பெயரைப் போட்டால் பட்டியல் வந்துவிடும்.

யார் பக்கத்தில் என்பதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1930-களின் பிற்பகுதியில் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் இங்கே வந்தார். திருச்சியில் கொஞ்ச காலம், பிறகு சென்னை லயோலா கல்லூரியில். அவர் பெரிய தேற்றங்கள் நிரூபித்துப் பேர் வாங்கியவர் இல்லை. ஆனால் பாரிஸில் அப்போது எது உயிரோடிருக்கும் கணிதம் என்று அவருக்குத் தெரியும், அதை மாணவர்களுக்குச் சொன்னார், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வழிகாட்டினார். காஞ்சிபுரத்துக்காரரான சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து வந்த எம்.எஸ். நரசிம்மனும் அப்படிப் போனவர்கள். இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் வடிவியலிலும் இயற்பியலிலும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. நரசிம்மன் ஆரம்பத்தில் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் பக்கம் இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். முதலில் பிடித்த துறையே கடைசிவரை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன் கதை இதைவிடப் பொருத்தம். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனபோது அவர் மனதில் இருந்தது தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு செய்யும் புள்ளியியல். அங்கே வரதராஜன், பார்த்தசாரதி, ரங்கா ராவ் என்று கூட இருந்த இளைஞர்கள் அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். 2007-இல் ஏபெல் பரிசு. நல்ல ஆட்கள் நிறைந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் அவர் எடுத்த சரியான முடிவு. துறை அங்கே போன பிறகு கிடைத்தது.

இதில் நம் ஊர் நடைமுறை ஒன்றையும் புரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பெரும்பாலும் கைடு சம்மதித்தால்தான் பதிவே செய்ய முடியும். ஆக, கைடோடு சேர்ந்து தலைப்பும் முதல் நாளே வந்துவிடுகிறது. தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி சென்னைக் கணிதக் கழகம், மும்பை டாட்டா நிறுவனம், பிரயாக்ராஜில் உள்ள ஹரிஷ் சந்திரா நிறுவனம் போன்ற இடங்களில் முதலில் கோர்ஸ் ஒர்க். இயற்கணிதம், அனாலிசிஸ், டோபாலஜி என்று ஆட்டி எடுத்த பிறகுதான் கைடைத் தேடச் சொல்வார்கள். அங்கே இடம் கிடைத்தால் நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. அதுவும் எண் கோட்பாட்டுக்கு ஆட்கள் இருக்கும் இடங்கள் இவை. ஐ.ஐ.டி.கள், ஐசர்கள், கோழிக்கோட்டில் உள்ள கேரளக் கணிதப் பள்ளி, சேப்பாக்கத்து ராமானுஜன் உயராய்வு நிறுவனம் எல்லாவற்றையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியர் அக்கா சொன்ன மெஷின் லேர்னிங். அது கெட்ட யோசனை இல்லை, சொன்ன காரணம்தான் சரியில்லை. உங்களுக்கு நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் ஆப்டிமைசேஷனும் பிடித்து, நிரல் எழுதவும் கை வந்தால் தாராளமாகப் போங்கள். அங்கே நிஜமான கணிதக் கேள்விகள் இருக்கின்றன. நிரல் எழுதவே பிடிக்காத ஒருவர் வேலைவாய்ப்பை நினைத்துப் பயந்து போனால் இரண்டு பக்கமும் ஒட்டாது. இடைக்காலமாக ஒன்று செய்யலாம்: எந்தத் துறைக்குப் போனாலும் பைத்தானில் சின்னச் சின்னக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். எண் கோட்பாட்டுக்காரர்களுக்கும் அது இன்று தேவைப்படுகிறது.

அப்பாவிடம் துறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை, பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும் காலத்திலேயே சம்பளம் மாதிரி வரும் பணம் என்று தெரிந்தால் பல அப்பாக்கள் அமைதியாகிவிடுகிறார்கள். ஃபெல்லோஷிப் எதுவும் இல்லாமல், கட்டணம் கட்டி, பகுதிநேரமாக வகுப்பு எடுத்துக்கொண்டு பிஎச்.டி. செய்வதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டி.ஆர்.பி.யை அவர் சொல்வதும் தப்பில்லை. ஃபெல்லோஷிப் கிடைக்காவிட்டால் பி.எட். இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள், பேச்சு சுலபமாக முடியும்.

"மூணு வருஷத்துல முடிச்சுடலாம்" என்பது பற்றி: யு.ஜி.சி. 2022 விதிப்படி மூன்று வருடம் என்பது குறைந்தபட்சம், அதிகபட்சம் ஆறு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற தேசிய அளவிலான நிபந்தனையையும் அந்த விதி எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு வைத்திருக்கலாம், சேரும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே பேப்பர் எண்ணிக்கைக்காகத் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் முன்புபோல இல்லை. நல்ல எண் கோட்பாட்டு ஆய்வேடு ஒன்று ஐந்து வருடம் எடுத்து, ஒன்றிரண்டு கட்டுரைகளோடு முடிவது சகஜம்.

உடனடியாகச் செய்ய வேண்டியது தேர்வுகள். தேசிய உயர்கணித வாரியத்தின் தேர்வு, அதாவது என்.பி.எச்.எம்.; டாட்டா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு; சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வு; நெட்; கேட். அறிவிப்பு வந்ததும் எல்லாவற்றுக்கும் போடுங்கள், ஒன்றை நம்பி மற்றதை விடாதீர்கள். தரமணி நிறுவனம் போன்றவை என்.பி.எச்.எம். தேர்வை வைத்தே நேர்காணலுக்கு அழைப்பதால் அதற்கு முதலிடம் கொடுங்கள். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கும். மேலே சொன்ன மூன்று மாதப் பயிற்சி இந்தத் தேர்வுகளுக்கும் நேராக உதவும். கல்லூரியில் உங்களுக்குப் பின்னால் படிக்கும் தங்கைகளுக்கு எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சி முகாமைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். 1993 முதல் நடக்கிறது, நிரூபணம் என்றால் என்ன என்பதை அங்கே அடித்துச் சொல்லித் தருவார்கள்.

சாரிடம் இப்போதைக்கு, "என்.பி.எச்.எம்., நெட் ரெண்டும் எழுதிட்டு வர்றேன் சார், அதுவரைக்கும் நீங்க குடுக்குற பேப்பரையும் படிச்சு வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கைடு இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்த இடத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. அவர் கொடுத்த பேப்பர் எப்படி என்று உங்களால் முடிவு செய்ய முடியாவிட்டால் தலைப்பையும் முதல் இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.